ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபயரா, கேபிளா? ஒலிபெருக்கிக் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

"ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது" என்று சொல்லி என்னிடம் வந்தவற்றில் ஆம்ப்ளிஃபயர் உண்மையிலேயே போயிருந்தவை குறைவு. கேபிள் நுனியில் அறுந்த ஒரு கம்பி, தவறான பக்கம் நிற்கும் ஒரு சுவிட்ச், தாங்காத அளவுக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை ஆம்ப்ளிஃபயரின் ஒரே சேனலில் (ஒரே வெளியீட்டு வழியில்) கோத்துவிட்ட அவசரம். பெரும்பாலும் இவைதான். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் தன் குற்றத்தை அடுத்ததன் மேல் ஏற்றிக் காட்டும் இரட்டையர். ஸ்பீக்கரில் ஷார்ட் என்றால் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரியும். ஆம்ப்ளிஃபயர் கெட்டால் ஸ்பீக்கர் புகையும். அதனால் கீழே உள்ள எல்லாச் சோதனைகளிலும் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரு பொருளை மாற்றினால் கோளாறு அதனுடன் போகிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிச் சரியாகிவிட்டால் எது காரணம் என்று தெரியாமலே வீடு திரும்புவீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், நன்றாக இருப்பது உறுதியான ஒரு ஸ்பீக்கர் கேபிள், அதேபோல ஒரு மைக் கேபிள், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, பாட்டு ஒலிக்க ஒரு கைப்பேசி. "உறுதியான" என்பதை அழுத்திச் சொல்கிறேன். சந்தேகத்துக்குரிய கேபிளை வைத்துக்கொண்டு சந்தேகத்துக்குரிய ஆம்ப்ளிஃபயரைச் சோதித்து ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். இப்போது சோதனைக் கேபிளுக்கு மஞ்சள் நாடா சுற்றி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் அதை மேடைக்குக் கொடுப்பதில்லை.

எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் ஒலியளவைக் குறைத்து, ஆம்ப்ளிஃபயரை அணைத்த பிறகே செய்யுங்கள். கால் அங்குல ஜாக்கை இயங்கும் ஆம்ப்ளிஃபயரில் செருகும்போது அதன் நுனி ஒரு கணம் இரு முனைகளையும் இணைத்துவிடும். அந்த ஒரு கணம் போதும். பெரிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் ஆளைச் சுண்டும் அளவுக்கு மின்னழுத்தமும் இருக்கும்.

## விளக்கே எரியவில்லை

முதலில் அதே பிளக் பாயிண்ட்டில் வேறொரு கருவியை மாட்டிப் பாருங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயரின் பின்னால் செருகும் மின்கம்பியை அழுத்திப் பாருங்கள். வண்டியில் குலுங்கி வந்த பெட்டிகளில் அது பாதி கழன்றிருப்பது வழக்கம். அடுத்து ஃபியூஸ். கருகியிருந்தால் ஆம்ப்ளிஃபயரின் மேல் எழுதியிருக்கும் அதே ஆம்பியர், அதே வகை ஃபியூஸை ஒருமுறை மட்டும் மாற்றுங்கள். அதுவும் உடனே போனால் நிறுத்திவிடுங்கள். உள்ளே ஷார்ட் இருக்கிறது, பழுது பார்ப்பவரின் வேலை. ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி ஓட்டியவர்கள் இரண்டு டிரான்சிஸ்டரில் முடிய வேண்டிய செலவை முழு போர்டுக்கு ஏற்றிக்கொள்கிறார்கள்.

## விளக்கு எரிகிறது, ஒலி வரவில்லை

ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் சிக்னல் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மைக்கில் பேசும்போது அது மினுங்குகிறதா இல்லையா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

### சிக்னல் விளக்கு மினுங்கவில்லை

கோளாறு ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால். மைக்கின் சுவிட்ச், மைக், பாட்டு எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் மிக்ஸரின் மியூட் பொத்தான், உள்ளீட்டின் பக்கத்தில் உள்ள மைக்/லைன் சுவிட்ச் (லைன் என்பது கைப்பேசி போன்ற கருவிகளின் வலுவான ஒலி) ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். கண்டென்சர் மைக் என்றால் மிக்ஸர் கேபிள் வழியாகவே மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் போடப்பட்டிருக்கிறதா? கம்பியில்லா மைக் என்றால் பேட்டரியும், மைக்கிலும் அதன் ரிசீவரிலும் ஒரே சேனல் இருக்கிறதா என்பதும். புளூடூத் பெட்டியில் பழைய கைப்பேசி ஒன்று இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது உங்கள் கைப்பேசியின் ஒலியளவு கீழே கிடக்கலாம்.

எல்லாம் சரி என்றால் உறுதியான மைக் கேபிளை மாட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மிக்ஸரைத் தவிர்த்து, கைப்பேசியை நேராக ஆம்ப்ளிஃபயரின் லைன் உள்ளீட்டில் கொடுங்கள். ஒலி வந்தால் குற்றம் மிக்ஸரில்.

### சிக்னல் விளக்கு மினுங்குகிறது

கோளாறு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலோ அதற்குப் பின்னாலோ. ஸ்பீக்கான் எனும் வட்டமான ஸ்பீக்கர் பிளக்கைச் செருகினால் மட்டும் போதாது, திருகிப் பூட்ட வேண்டும். பூட்டாத ஸ்பீக்கான் பேசாது. அந்தப் பிளக்கில் 1+, 1−, 2+, 2− என்று நான்கு முனைகள் இருக்கலாம். யாரோ ஒருவர் தன் வசதிக்காக 2+ முனையில் கம்பியைப் பற்றவைத்திருந்தால், அவருடைய பெட்டியில் ஒலிக்கும் கேபிள் உங்கள் பெட்டியில் ஊமையாகிவிடும். இரவல் கேபிள்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

பிறகு ஸ்பீக்கர் கேபிளை ஆம்ப்ளிஃபயர் பக்கம் கழற்றி, மறுமுனை பெட்டியில் இருக்கும்படியே ஓம் (மின்தடை) அளந்து பாருங்கள். 8 ஓம் என்று எழுதிய பெட்டி மீட்டரில் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் பெட்டி 3 முதல் 3.5 வரை. எழுதியதைவிடக் குறைவாகக் காட்டுவது கோளாறு அல்ல. எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது: கேபிளை மாற்றி மீண்டும் அளங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அந்தக் கேபிளை ஆம்ப்ளிஃபயரில் திரும்ப மாட்டாதீர்கள்.

இந்த அளவில் ஒரு பொறி உண்டு. இரண்டு வழிப் பெட்டியில் பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கு வூஃபரும், ட்ரெபிள் எனும் உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டரும் உண்டு. ட்வீட்டர் ஒரு கெபாசிட்டருக்குப் பின்னால் இருக்கும், அதனால் மீட்டர் வூஃபரை மட்டுமே பார்க்கிறது. அளவு சரியாக இருந்தால் வூஃபரின் சுருள் அறுபடவில்லை என்று பொருள். ட்வீட்டரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

### ஒரு பக்கம் மட்டும் வரவில்லை

இது வருவது நல்லது. ஒப்பிட ஒரு நல்ல பக்கம் கையிலேயே இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு வரும் இடது, வலது கேபிள்களை மாற்றிச் செருகுங்கள். ஊமை மறுபக்கம் போனால் மிக்ஸரும் அதன் கேபிளும்தான் காரணம். போகாவிட்டால் அவற்றைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டு, ஸ்பீக்கர் கேபிள்களை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடம் மாற்றுங்கள். அதே பெட்டி ஊமையாகவே இருந்தால் பெட்டியோ கேபிளோ. ஊமை பெட்டி மாறிவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் அந்தச் சேனல்.

### பாட்டில் வாத்தியங்கள் கேட்கின்றன, பாடுபவரைக் காணோம்

பலரைக் குழப்பிய அறிகுறி இது. கைப்பேசியின் ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து ஒரே எக்ஸ்எல்ஆர் பிளக்குக்கு (மைக் கேபிளின் மூன்று முள் பிளக்) மாறும் கேபிளை மைக் உள்ளீட்டில் செருகியிருப்பீர்கள். இரண்டு பக்கமும் சமமாக ஒலிப்பவை ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. பாடகரின் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக, நடுவில்தான் இருக்கும். கேபிளை எறிந்துவிட்டு மிக்ஸரின் ஸ்டீரியோ உள்ளீட்டில் கொடுங்கள், அல்லது டிஐ பெட்டி (கருவியின் ஒலியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாகக் கொடுங்கள்.

## பாதுகாப்பு விளக்கு எரிகிறது, அல்லது ஒலி விட்டுவிட்டு நிற்கிறது

ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. திட்டாமல், எப்போது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

### இயக்கியவுடனே

எல்லா ஸ்பீக்கர் கேபிள்களையும் கழற்றிவிட்டு இயக்குங்கள். விளக்கு அணைந்தால் ஆம்ப்ளிஃபயர் நலம். ஒவ்வொரு கேபிளாக மாட்டிக்கொண்டே வாருங்கள், எது மாட்டும்போது விளக்கு திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் பிளக்கின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கம்பி இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

எதுவும் மாட்டாமலே விளக்கு எரிந்தால் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும். விளக்கு எரியாமல், இயக்கியவுடன் வூஃபரின் கூம்பு ஒரு பக்கமாகத் தாவி அங்கேயே நின்றால் அடுத்த நொடியே அணைத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் நேர்மின்சாரம் (டிசி) வருகிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வெளியீட்டின் இரு முனைகளுக்கிடையே டிசி வோல்ட் அளங்கள்: சில பத்து மில்லிவோல்ட்டுகள் இயல்பு, வோல்ட் கணக்கில் காட்டினால் அந்தச் சேனலில் இனி எந்தப் பெட்டியையும் மாட்டக் கூடாது. இதைக் கவனிக்காமல் "ஸ்பீக்கர் போய்விட்டது" என்று புதிய வூஃபரை மாட்டி, அதையும் எரித்தவர்கள் உண்டு.

### ஒலியைக் கூட்டும்போது

பெட்டிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் இரண்டாவது துளை இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகத் தோன்றும். ஆனால் 8 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 4 ஓம், மூன்று சேர்ந்தால் சுமார் 2.7, நான்கு சேர்ந்தால் 2. ஆம்ப்ளிஃபயரின் பின்பலகையில் "குறைந்தது 4 ஓம்" என்று இருந்தால் ஒரு சேனலுக்கு இரண்டு பெட்டிகளோடு கணக்கு முடிந்தது. பிரிட்ஜ் முறையில் (இரண்டு சேனல்களையும் ஒன்றாகச் சேர்த்து) ஓட்டினால் இன்னும் கறார்: தனிச் சேனலுக்கு 4 ஓம் வரை தாங்குவது பிரிட்ஜில் 8 ஓமுக்குக் கீழே தாங்காது. பிரிட்ஜ் சுவிட்ச் தெரியாமல் தட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பெரும்பாலும் பின்னால், விரல் தவறிப் படும் இடத்தில்தான் இருக்கும்.

100 வோல்ட் லைனில் (ஒவ்வொரு ஹார்னிலும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து நீண்ட தூரம் இழுக்கும் முறை) ஓடும் ஹார்ன்களுக்கு ஓம் கணக்கு வேண்டாம், வாட் கணக்கு போதும். ஒவ்வொரு லைன் டிரான்ஸ்ஃபார்மரிலும் தேர்ந்தெடுத்திருக்கும் வாட்டைக் கூட்டுங்கள். மொத்தம் ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டக் கூடாது, கொஞ்சம் மிச்சம் இருந்தால் நல்லது. 120 வாட் ஆம்ப்ளிஃபயரில் 10 வாட் வீதம் பத்து ஹார்ன்கள் ஓடும். அதே பத்தையும் 20 வாட்டுக்கு மாற்றினால் நின்றுவிடும். இந்த லைனில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஒரு 8 ஓம் யூனிட்டை யாரேனும் மாட்டியிருந்தால் அது ஒன்றே முழு லைனையும் கீழே இழுத்துவிடும். 100 வோல்ட்டில் அது கேட்கும் சக்தி 1250 வாட். மல்டிமீட்டர் இங்கே உதவாது, டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் டிசி தடையைத்தான் அது காட்டும். ஒவ்வொரு ஹார்னாகக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி.

### அரை மணி நேரம் ஓடிய பிறகு

சூடு. காற்றுத் துளைகள் சுவரை ஒட்டியோ துணியால் மூடியோ இருக்கின்றனவா, வெயில் நேராகப் படுகிறதா, மின்விசிறியின் வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா? நின்றவுடன் மின்சாரத்தை அணைக்காமல், ஒலியை மட்டும் குறைத்து விசிறியை ஓடவிடுங்கள், சீக்கிரம் ஆறும். ஆறியபின் மீண்டும் அதே நேரத்தில் நின்றால் பெட்டிகளின் எண்ணிக்கையை இன்னொரு முறை எண்ணுங்கள். விசிறி சுற்றவே இல்லையென்றால் பழுது பார்ப்பவர்.

### ஒவ்வொரு பேஸ் அடிக்கும் அணைந்து எழுகிறது

மின்சாரம் போதவில்லை. நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பியா? பாட்டு ஓடும்போது கடைசி முனையில் மின்னழுத்தத்தை அளங்கள். உருளையில் சுற்றிய கம்பியை முழுக்க விரித்துவிடுங்கள். சுற்றியபடியே அதிகச் சுமை கொடுத்தால் கம்பி சூடாகி உருகும். பேட்டரியில் ஓடும் டிராலி ஸ்பீக்கரில் இதே அறிகுறிக்குப் பேட்டரியின் முதுமையே காரணம்: 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, ஒலிக்கும்போது 11-க்குக் கீழே சரிந்தால் அதன் காலம் முடிந்தது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்.

## கரகரப்பு, உடைந்த ஒலி

ஒலியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கீழே உள்ளவற்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

கரகரப்பு போய்விட்டது. ஆம்ப்ளிஃபயரை அல்லது ஸ்பீக்கரை அதன் எல்லைக்கு மேல் ஓட்டியிருக்கிறீர்கள். எல்லை மீறுவதைக் காட்டும் கிளிப் விளக்கு எப்போதாவது மின்னினால் பரவாயில்லை, தொடர்ந்து எரிந்தால் குறையுங்கள். பேஸ் குமிழையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் குறைத்தும் போகவில்லை. மிக்ஸரின் உள்ளீடே நிரம்பி வழிகிறது. கெயின் (உள்ளீட்டு அளவு) குமிழ் அதிகம், அல்லது லைன் ஒலியை மைக் உள்ளீட்டில் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒரு பெட்டியில் மட்டும், மெல்லிய ஒலியிலும் உரசுகிறது. அணைத்துவிட்டு, முன்வலையைக் கழற்றி, வூஃபர் கூம்பை இரண்டு கைவிரல்களாலும் சுற்றிலும் சமமாக மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். உரசும் சத்தம் கேட்டால் சுருள் காந்தத்தில் தேய்கிறது. மறுசுற்று அல்லது புதிய வூஃபர்தான் வழி. உரசல் இல்லையென்றால் வலை, கைப்பிடி, திருகுகள் ஒவ்வொன்றையும் பேஸ் ஓடும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். தளர்ந்த ஒரு திருகைக் கிழிந்த கூம்பு என்று நினைத்து ஏமாறாதவர் இந்த வேலையில் யாரும் இல்லை.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரக்கிறது. குமிழின் உள்ளே அழுக்கு. மின்சாரத்தை அணைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்புங்கள்.

மெல்லிய ஒலியில் வராமல், திடீரென்று கூட்டினால் 'டப்' என்று வந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்சான ரிலேயின் முனைகள் கறுத்திருக்கின்றன. மலிவான பழுது, ஆனால் உள்ளே திறக்க வேண்டியது. நீங்கள் செய்ய வேண்டாம்.

## பேச்சு புரியவில்லை, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது

ட்வீட்டர் அல்லது ஹார்ன் டிரைவர் ஊமையாகியிருக்கிறது. காதை ஹார்னின் அருகில் வைத்து, மெல்லிய ஒலியில் கேட்டு உறுதி செய்யுங்கள். பெட்டியில் பேஸ்/ட்ரெபிள் தனித்தனியாக ஓட்டும் பை-ஆம்ப் சுவிட்ச் இருந்தால் அது சரியான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகத் தீர்ந்துபோகும் ஒரே காரணம் அதுதான்.

அடுத்து டிரைவரின் கம்பிகளைக் கழற்றி ஓம் அளங்கள். 8 ஓம் டிரைவர் 5 முதல் 7 வரை காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் டயஃப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடும் சுருளும்) போய்விட்டது. அதே மாதிரிக்கு உரிய டயஃப்ரமை வாங்கி மாற்றலாம், முழு டிரைவர் தேவையில்லை. பீசோ வகை ட்வீட்டர் நன்றாக இருக்கும்போதும் மீட்டரில் எதுவும் காட்டாது, அதை வேறு பெட்டியில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். டிரைவர் சரியென்றால், பேஸையும் ட்ரெபிளையும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பலகையைப் பாருங்கள். சில பெட்டிகளில் ட்வீட்டரைக் காக்க ஒரு சின்ன பல்பு தொடராக இருக்கும். அது எரிந்துபோயிருந்தால் பல்பை மாற்றினாலே போதும்.

டயஃப்ரம் ஏன் போனது என்று கேட்காமல் புதியதை மாட்டாதீர்கள். கிளிப் விளக்கு எரிய எரிய ஓட்டிய சிறிய ஆம்ப்ளிஃபயரா, கத்திய ஊளையா (பெட்டியின் ஒலி மைக்குக்கே திரும்பி எழும் கூச்சல்) என்று தெரியாவிட்டால் அடுத்ததும் அதே வழியில் போகும்.

## பேஸ் வற்றிவிட்டது

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்றால் மட்டும் பேஸ் மெலிந்து, ஒரு பெட்டியை அணைத்தால் கூடுகிறதா? ஒரு கேபிளில் கூட்டலும் கழித்தலும் மாறியிருக்கின்றன. கேபிளை ஆம்ப்ளிஃபயர் பக்கம் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் + முனையை அதன் + கம்பியிலும் − முனையை − கம்பியிலும் ஒரு கணம் தொடுங்கள். இரண்டு வூஃபரும் ஒரே திசையில் அசைய வேண்டும். எதிரெதிராக அசைந்தால் ஒரு கேபிளைத் திருப்பிப் பற்றவையுங்கள்.

## உறுமல், 'ஹம்'

ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுக் குமிழை முழுவதும் குறையுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு உள்ளே, பெரும்பாலும் வற்றிய வடிகட்டிக் கெபாசிட்டர், பழுது பார்ப்பவர். உறுமல் போய்விட்டால் வெளியே தேடுங்கள். மிக்ஸரின் உள்ளீடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மடிக்கணினியைக் கழற்றியதும் நின்றால் அதைச் சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி அதை நிரந்தரமாகத் தீர்க்கும். மிக்ஸரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே மின்மூலத்திலிருந்து ஓட்டுங்கள். மைக் கேபிள் மின்கம்பியோடு சேர்ந்து ஓடினால் பிரித்துவிடுங்கள், தாண்ட வேண்டியிருந்தால் குறுக்காகத் தாண்டட்டும். ஒலி மெலிந்து இரைச்சலும் கூடியிருந்தால் எக்ஸ்எல்ஆர் கேபிளில் 2 அல்லது 3-ஆம் கம்பி அறுந்திருக்கும்.

பிளக்கின் எர்த் முள்ளை வெட்டினால் உறுமல் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். சில நேரங்களில் நிற்கும். அதன்பின் மைக்கின் உலோக உடல் வழியாகப் பேசுபவரின் உதட்டுக்கு மின்சாரம் வரக்கூடும். செய்யாதீர்கள்.

## ஊளை

பெட்டிகள் மைக்குக்கு முன்னால் இருக்கட்டும், மைக் அவற்றின் முதுகுப் பக்கம். மைக்கை வாயருகே கொண்டுவரச் சொல்லுங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடுகிறது, அந்த அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைக் குறைக்கலாம். பயன்படாத மைக்குகளை மூடுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பவரிடம் பிடியை மாற்றச் சொல்லுங்கள். பொத்தினால் அது எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கிவிடுகிறது. இவ்வளவும் செய்த பிறகே ஈக்வலைசரைத் தொடுங்கள்.

## எல்லாம் சரி, ஆனால் ஒலி போதவில்லை

கேபிளின் தடிமனைப் பாருங்கள். 20 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டு 4 ஓம் சுமையை ஓட்டினால், போக வர 40 மீட்டரில் சுமார் 0.9 ஓம் தடை சேர்ந்து, ஐந்தில் ஒரு பங்கு சக்தி கம்பியிலேயே தங்கிவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு ஏழு விழுக்காட்டுக்குள் அடங்கும். கிட்டார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் போட்டிருந்தால் உடனே மாற்றுங்கள். இரண்டும் ஒரே ஜாக்கில் நுழையும், ஆனால் அதன் மெல்லிய கம்பி சூடாகும். கேபிள் சரியென்றால், பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கும் யோசனையைத் தள்ளிவையுங்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே, காதுக்கு அது சிறிய வித்தியாசம். பெட்டியைத் தலை உயரத்துக்கு மேல் தூக்கி வைப்பதிலும், தூரத்தில் இருப்பவர்களுக்கு அருகில் இன்னொரு பெட்டி வைப்பதிலும் கிடைப்பது அதைவிட அதிகம்.

## பழுது பார்ப்பவரிடம் போகும்போது

ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறக்க வேண்டிய எதையும் அவரிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில ஆம்ப்ளிஃபயர்களின் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். கருகிய வாடை வந்தது, ஃபியூஸ் இரண்டாவது முறை போனது, பெட்டி நனைந்தது என்றால் இயக்கிப் பார்க்காமலே கொண்டுபோங்கள். ஆம்ப்ளிஃபயருடன் அன்று ஓடிய ஸ்பீக்கர் கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை பெட்டிகள், எத்தனை ஓம், ஓடி எவ்வளவு நேரத்தில் நின்றது, எந்த விளக்கு எரிந்தது, எதை மாற்றியும் கோளாறு நகரவில்லை என்று ஒரு தாளில் எழுதி ஆம்ப்ளிஃபயரின் மேல் ஒட்டிவிடுங்கள்.